லாவ்ஷியும் பாட்டியும்

குழந்தை பிறந்த செய்தி சொந்தக்காரர்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் நம் கைப்பேசிக்குத் தெரிந்துவிடுகிறது. ஃபேஸ்புக்கைத் திறந்தால் வண்ணப் பந்துகளுக்கு நடுவே பல் முளைக்காத பாப்பாக்கள் சிரிக்கிறார்கள். “6 மாதம் முதல் 18 மாதம் வரை. பெற்றோருடன் சேர்ந்து கற்கலாம். இருமொழிச் சூழல். அறிமுக வகுப்புக்குச் சிறப்புக் கட்டணம்.” கடைத்தொகுதிக்குப் போனால் மின்தூக்கிக் கதவிலும் அதே பாப்பா, அதே சிரிப்பு.

புதிதாகப் பெற்றோரான என் தோழிகள் பலரும் இப்படி ஓர் அறிமுக வகுப்புக்காவது போய் வந்திருக்கிறார்கள். ஒன்பது மாதக் குட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அந்த விளம்பரங்களில் எல்லாம் தவறாமல் வரும் ‘இருமொழி’ என்ற சொல்லைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச வேண்டும்.

சிங்கப்பூரில் இருமொழி என்றதும் நமக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும். ஆங்கிலம் ஒன்று, தாய்மொழி ஒன்று. ஆனால், தனியார் நடத்தும் பாப்பா வகுப்புகளில் இருமொழி என்றால் பெரும்பாலும் ஆங்கிலமும் மாண்டரினும்தான். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வகுப்பு நடத்துபவர்கள் ஆள் வரும் மொழியைத்தான் வைப்பார்கள். ஆனால், தமிழ்க் குடும்பம் ஒன்று ‘இருமொழி’ வகுப்புக்குப் போகும்போது அந்த இரண்டில் தமிழ் இல்லை என்பது நினைவில் இருக்க வேண்டும். நம் பிள்ளைக்கு அது மூன்றாவது மொழி. அப்படியென்றால் இரண்டாவது மொழியை யார் கொடுக்கப் போகிறார்கள்?

45 நிமிடத்தில் என்ன நடக்கிறது?

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலணியைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, மெத்தென்ற தரையில் வட்டமாக உட்கார வேண்டும். எங்கள் வகுப்பில் எட்டுக் குழந்தைகள். கூடவே அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள், ஒரு தாத்தா, மூன்று இல்லப் பணிப்பெண்கள்.

முதலில் வணக்கப் பாட்டு. ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சொல்லிப் பாடுகிறார் ஆங்கில ஆசிரியர். பிறகு கிலுகிலுப்பை, குட்டி மேளம். அடுத்து ஒரு தட்டு நிறைய ஊறவைத்த ஜவ்வரிசி. அதில் கையை விட்டு அளைய வேண்டும். எங்கள் வீட்டுக் குட்டி அளையவில்லை, நேராக வாயில் போட்டுக்கொண்டான். நல்லவேளை, சாப்பிடக்கூடியதையே வைத்திருந்தார்கள்.

பாதி நேரத்தில் லாவ்ஷி வந்தார். மாண்டரினில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் வந்த பிறகு ஆங்கிலம் நின்றுவிட்டது. ஒரு குழாயை ஊதிச் சோப்புக் குமிழிகளைப் பறக்கவிட்டார். ஒவ்வொரு குமிழியைக் காட்டியும் “பாவ்பாவ், பாவ்பாவ்” என்றார். குழந்தை குமிழியைப் பார்க்கும், அவர் சொல்லுவார். குழந்தை அவரைத் திரும்பிப் பார்க்கும், மறுபடியும் சொல்லுவார். ஐந்து நிமிடத்தில் அந்த ஒரு சொல்லை நாற்பது முறையாவது சொல்லியிருப்பார். அவர் முகத்தில் சலிப்பே இல்லை. பக்கத்தில் இருந்த இந்தோனேசியப் பணிப்பெண்ணும் கூடச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் விடைபெறும் பாட்டு. கையில் ஒரு ‘ஸ்டிக்கர்’. வாசலில் ஒருவர் கட்டண அட்டையோடு நின்றார். “இன்றைக்கே பதிந்தால் பதிவுக் கட்டணம் கிடையாது.”

வெளியே தள்ளுவண்டியை விரித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு தமிழ் அம்மாவோடு பேச்சு வந்தது. கணவன் மனைவி இருவருக்கும் வங்கியில் வேலை. “எங்க வீட்ல இங்கிலீஷ்தான் அக்கா. சைனீஸ் தெரிஞ்சா பின்னாடி வேலைக்கு நல்லது. தமிழ் எப்படியும் பிரைமரி ஒண்ணுல வந்துடும்ல?” என்றார்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். வீடு வந்து சேரும்வரை அந்தக் கடைசி வாக்கியம் என் காதிலேயே இருந்தது.

தமிழ் தானாக வந்துவிடுமா?

தொடக்கநிலை ஒன்றில் தமிழ்ப் பாடம் வரும், உண்மைதான். அதற்கு முன்பும் வாய்ப்பு இருக்கிறது. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகள் 2014ல் தொடங்கியபோதே ஆங்கிலத்தோடு தாய்மொழியும் கற்பித்தலின் பகுதியாக இருந்தது. மை ஃபர்ஸ்ட் ஸ்கூல், பிசிஎஃப் போன்றவை நடத்தும் சில நிலையங்களிலும் தமிழ் உண்டு. எல்லா நிலையங்களிலும் இல்லை என்பதால் பதிவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால், கல்வி அமைச்சின் பாலர் பள்ளியில் பாலர் வகுப்பு ஒன்றுக்குப் போகும்போது பிள்ளைக்கு ஐந்து வயது. அதற்குள் அவன் கேட்கவும் பேசவும் சண்டை போடவும் சிரிக்கவும் ஒரு மொழியை எடுத்துக்கொண்டுவிடுவான். அந்த மொழி ஆங்கிலமாக மட்டும் இருந்தால், தமிழாசிரியர் முன்னால் அவன் உட்காரும்போது தமிழ் அவனுக்கு அந்நிய மொழி. பாடம் வரும். தேர்வும் வரும். ஆனால், “பாட்டி, கால் வலிக்குது” என்று சொல்வதற்கு அந்த மொழி வருமா என்பது வேறு விஷயம்.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றார்கள். 2020ல் அது 2.5 விழுக்காடு. அதே பத்து ஆண்டுகளில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இது எல்லா இனத்தவருக்கும் நடப்பதுதான். ஆனால், 3.3ல் இருந்து குறைவது நமக்குக் கொஞ்சம் கூடுதலாக உறைக்க வேண்டும்.

காது எப்போது பழகுகிறது?

‘ஒன்பது மாதக் குழந்தைக்கு மொழி என்ன தெரியும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. பேசத் தெரியாது. ஆனால், காது அப்போதே வேலையைத் தொடங்கிவிட்டது.

1984ல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் இரண்டு ஒலிகளைக் கேட்கவிட்டார்கள். நாக்கு பல்லைத் தொடும் ஒலி ஒன்று, நாக்கு மேலே மடியும் ஒலி ஒன்று. நம் ‘த’வும் ‘ட’வும் போன்றவை. 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டும் வேறு என்று கண்டுகொண்டார்கள். 10 முதல் 12 மாதத்தில் மிகச் சிலரால்தான் முடிந்தது. வீட்டில் கேட்காத ஒலியைக் காது கழித்துவிடுகிறது.

‘பத்து’க்கும் ‘பட்டு’க்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. அது நமக்கு வந்தது நம்மைச் சுற்றி யாரோ அதைப் பேசிக்கொண்டே இருந்ததால். முதல் பிறந்தநாளோடு கதவு சாத்தப்படுகிறது என்று பயப்பட வேண்டாம். பெரியவர்களாகி மொழி கற்றவர்கள் ஏராளம். ஆனால், முதல் ஆண்டில் எந்த உழைப்பும் இல்லாமல் கிடைப்பதைப் பின்னால் பயிற்சி செய்துதான் பெற வேண்டியிருக்கிறது.

இன்னொரு சோதனை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. 2003ல் அமெரிக்காவில் பட்ரிசியா கூல் என்பவரின் குழு வெளியிட்டது. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு நான்கு வாரங்களில் 12 முறை, ஒவ்வொரு முறையும் 25 நிமிடம் மாண்டரின் கேட்க வைத்தார்கள். ஒரு குழுவுக்கு மாண்டரின் பேசுபவர் நேரில் உட்கார்ந்து புத்தகம் காட்டி, பொம்மை காட்டிப் பேசினார். இன்னொரு குழுவுக்கு அதையே திரையில் காட்டினார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒலியை மட்டும் ஒலிக்கவிட்டார்கள்.

நேரில் கேட்ட குழந்தைகள் மாண்டரினின் ஓர் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். திரையில் பார்த்தவர்களுக்கும் ஒலியை மட்டும் கேட்டவர்களுக்கும் அது வரவில்லை.

வானொலியில் பேசிப் பிழைப்பவள் நான். நாள் முழுக்க வீட்டில் தமிழ் வானொலி ஓடினால் பிள்ளைக்குத் தமிழ் வந்துவிடும் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால், அப்படி நடப்பதில்லை. யூடியூபில் தமிழ்ப் பாட்டுப் போட்டுக் கையில் கொடுத்தாலும் இந்த வயதில் நடப்பதில்லை. குழந்தை பார்த்ததை நாமும் பார்த்து, அது திரும்பும்போது நாம் பதில் சொல்ல வேண்டும். லாவ்ஷி அந்த ஐந்து நிமிடமும் செய்தது அதைத்தான்.

ஆகவே, அந்த வகுப்பு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல ஆசிரியர் நன்றாகத்தான் செய்கிறார். ஆனால், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது மாதக் குழந்தை ஒரு நாளில் சுமார் பத்து மணி நேரம் விழித்திருக்கிறது. வாரத்துக்கு 70 மணி நேரம். வகுப்பு 45 நிமிடம், அதில் ஒவ்வொரு மொழிக்கும் இருபது நிமிடம் சொச்சம். மிச்சமுள்ள 69 மணி நேரத்தில் குழந்தை எந்த மொழியைக் கேட்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

பாட்டி ஏன் ஆங்கிலத்துக்கு மாறினார்?

எங்கள் வீட்டில் பகலில் குட்டியைப் பார்த்துக்கொள்பவர் என் மாமியார். அறிமுக வகுப்புக்குப் போய் வந்த மூன்றாம் நாள், வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே அவர் குரல். “கம் கம், பாட்டி கிட்ட கம். சிட் டவுன். நோ நோ, டோன்ட் டச்.”

“என்ன அத்தை, திடீர்னு இங்கிலீஷ்?” என்றேன் சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. “அங்க ஸ்கூல்ல ரெண்டு மொழி சொல்லித் தர்றாங்க. நான் வேற மூணாவதா ஒண்ணு பேசிப் பிள்ளையைக் குழப்பக் கூடாதில்ல? நாளைக்கு இவனுக்குப் பேச்சு லேட்டா வந்தா, பாட்டியாலதான்னு ஒரு சொல் வரக் கூடாதும்மா.”

அவருக்கு எழுபது வயது. தமிழ்ப் பள்ளியில் படித்தவர். பிறகு மின்னணுத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆங்கிலம் தெரிந்தவர்கள் மேற்பார்வையாளர்களாகப் போவதையும், தன்னைவிடப் பின்னால் வந்தவர்கள் தன்னைத் தாண்டிப் போவதையும் பார்த்தவர். அவர் தலைமுறையின் கண் முன்னாலேயே தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் 1982ல் மூடப்பட்டது. 1987ல் எல்லாப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே முதல் மொழியானது. தமிழ் மட்டும் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை வாழ்ந்து பார்த்தவரிடம் போய், “தமிழில் பேசுங்கள்” என்று மேடைப் பேச்சுப் பேச முடியாது. அவர் அச்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சொன்னேன். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இரண்டு மொழி கேட்கும் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும். பேச்சு உண்மையிலேயே தாமதமாவதுபோல் தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்காக வீட்டு மொழியை நிறுத்த வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொன்னேன். “இங்கிலீஷ் அவனுக்கு எங்களால வரும், ஸ்கூல்ல வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளையால வரும். தமிழ் யாரால வரும்? உங்களுக்கு இங்கிலீஷ்ல ‘கம்’, ‘சிட்’, ‘நோ’ மூணுதான் அத்தை வருது. தமிழ்ல பேசினா நீங்க வாயே மூட மாட்டீங்களே!”

அதற்குத்தான் சிரித்தார்.

இதை ஏன் விரிவாக எழுதுகிறேன் என்றால், பல வீடுகளில் இது சத்தமில்லாமல் நடக்கிறது. பேரப்பிள்ளைக்கு நல்லது என்று நினைத்தே தாத்தா பாட்டிமார் தங்களுக்குச் சரளமான மொழியை விட்டுவிட்டு, நான்கு சொல் தெரிந்த மொழிக்கு மாறுகிறார்கள். பிள்ளைக்குக் கிடைப்பது “நோ, டோன்ட்” மட்டும். கதை இல்லை, கேலி இல்லை, கொஞ்சல் இல்லை. பத்து ஆண்டு கழித்துப் பெருநாளுக்குப் பெருநாள் கன்னத்தில் ஒரு முத்தத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இப்படி மாறிவிட்டார்களா என்று ஒரு முறை காது கொடுத்துக் கேளுங்கள். மாறியிருந்தால், அவர்களாகத் திரும்பி வர மாட்டார்கள். நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம்மிடம் இருந்த பாடத்திட்டம்

வகுப்பில் கைதட்டும் பாட்டு ஒன்று வந்தது. ஆசிரியர், ‘இந்த வயதில் இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்ப்பது முக்கியமான வளர்ச்சி’ என்று விளக்கினார். வீட்டில் அதைச் சொன்னபோது அத்தை, “இதுக்கா காசு கொடுத்தீங்க? சப்பாணி கொட்டுறதுதானே!” என்றார்.

சப்பாணி என்றால் நம் தலைமுறைக்கு 1977ல் வந்த ‘16 வயதினிலே’ கமல்தான் நினைவுக்கு வருவார். ஆனால், பழைய தமிழில் சப்பாணி என்றால் குழந்தை இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையில் அது ஒரு பருவம். குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடுவது பிள்ளைத்தமிழ். கையையும் முழங்காலையும் ஊன்றித் தலையை அசைத்து ஆடும் செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதம். கைகொட்டும் சப்பாணிப் பருவம் ஒன்பதாம் மாதம். ஒரு வயதை ஒட்டித் தளர்நடை நடந்து வரச் சொல்லும் வருகைப் பருவம். அதற்குப் பிறகு நிலாவைக் கூப்பிடும் அம்புலிப் பருவம்.

எங்கள் குட்டிக்கும் சரியாக ஒன்பது மாதம். கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் ஆங்கிலத்தில் நடந்த பாடம், நம் வீட்டில் பாட்டிக்குப் பெயரோடு தெரிந்திருந்தது. நம் முன்னோர் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. எல்லா மொழியிலும் தாய்மார் குழந்தையைக் கைதட்ட வைக்கிறார்கள். நம் மொழியில் அதற்கான சரக்கு நம் வீட்டுப் பெரியவர்களிடமே இருக்கிறது, அதை வாங்கக் கட்டணம் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

போவதற்கு முன் கேட்க வேண்டியவை

அறிமுக வகுப்புக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

எந்த இரண்டு மொழி என்று முதலிலேயே கேளுங்கள். ஒவ்வொரு மொழிக்கும் தனி ஆசிரியரா, ஒருவரே இரண்டையும் பேசுகிறாரா என்றும் கேளுங்கள்.

எத்தனை குழந்தைகள் என்று கேளுங்கள். ஆசிரியர் உங்கள் பிள்ளையின் கண்ணைப் பார்த்துப் பேச முடியாத அளவுக்குக் கூட்டம் இருந்தால், நீங்கள் பணம் கொடுப்பது அறை வாடகைக்குத்தான்.

வகுப்பு நேரம் பிள்ளையின் தூக்க நேரமாக இருந்தால் எவ்வளவு நல்ல வகுப்பானாலும் அழுகைதான். வேறு நேரம் கேளுங்கள்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மாற்று வகுப்பு உண்டா என்று கேளுங்கள். கைகால் வாய்ப்புண் நோய் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊர் நம் ஊர்.

வாசலில் நின்று கையெழுத்துப் போடாதீர்கள். “வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். இடையில் நின்றால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் பாருங்கள்.

கடைசியாக, உடன் வரும் பெரியவர் தாத்தா பாட்டியாக இருக்கலாமா என்று கேளுங்கள். இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வீட்டில் ஒரு தமிழ் வகுப்பு

தனி அறை வேண்டாம், அட்டவணை வேண்டாம். தினமும் நடக்கும் காரியங்களில் சிலவற்றைத் தமிழுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

குளியல் நேரம் மிக நல்லது. கை, கால், மூக்கு, முதுகு, தண்ணீர், சூடு, துண்டு. ஒவ்வொரு நாளும் அதே சொற்கள் அதே வரிசையில் வரும். “தலைக்கு ஊத்தவா?” என்று கேட்டுவிட்டு ஒரு நொடி பொறுங்கள். குழந்தை கண்ணை மூடிக்கொள்ளத் தொடங்கினால், புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

சாப்பாட்டு நேரம் அடுத்தது. ஆறாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய காய், ஒரு புதிய சுவை. பூசணி, பருப்பு, வாழைப்பழம். ‘ழ’ வருகிற சொல்லை வாய் நிறையச் சொல்லுங்கள். பிள்ளை உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதில் பத்து நிமிடத்தைத் தமிழுக்குக் கொடுங்கள், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு. “என் தமிழ் அவ்வளவு நன்றாக இருக்காது” என்று சொல்லும் இளம் அப்பாக்களை எனக்குத் தெரியும். ஒன்பது மாதப் பிள்ளை இலக்கணம் பார்க்காது. மொழிக் கலப்பு வந்தாலும் பரவாயில்லை. பேசாமல் இருப்பதைவிட அது நூறு மடங்கு மேல்.

பல வட்டார நூலகங்களில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் இருக்கின்றன. கதையை அப்படியே வாசிக்க வேண்டியதில்லை. படத்தைக் காட்டி, “இது யாரு? நாய். நாய் என்ன பண்ணுது?” என்று பேசினால் போதும். ஒரே புத்தகத்தை இருபது முறை கேட்கும். கொடுங்கள்.

வீட்டில் தாத்தா பாட்டி இல்லாதவர்களுக்கு இது கூடுதல் சிரமம்தான். ஊரில் இருக்கும் அம்மாவோடு காணொளி அழைப்பு என்றால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நீங்களும் சேர்ந்து பேசுங்கள். திரையில் இருக்கும் பாட்டி கேட்பதற்கு மடியில் வைத்திருப்பவர் பதில் சொன்னால், அந்தப் பேச்சில் பிள்ளையும் சேர்ந்துகொள்ளும். அதே புளோக்கில் பிள்ளை உள்ள இன்னொரு தமிழ்க் குடும்பம் இருந்தால், வாரம் ஒரு மாலை விளையாட்டுத் திடலில் சந்திக்கலாம். வளர்ந்த பிறகு தமிழ் மொழி விழா நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். அதற்கு முன்னால் தமிழில் விளையாட ஒரு கூட்டாளி வேண்டும்.

எங்கள் முடிவு

பத்து வகுப்புக்கு ஏறக்குறைய 700 வெள்ளி. கணவரும் நானும் இரண்டு நாள் பேசினோம். ‘அந்தப் பணத்தை அவன் கணக்கில் போடலாமே’ என்பது அவர் வாதம். குட்டிக்கு மற்றக் குழந்தைகளோடு இருப்பது பிடித்திருந்தது என்பது என் வாதம். கடைசியில் ஒரு தவணைக்கு மட்டும் பதிந்தோம், ஒரு நிபந்தனையோடு. வகுப்புக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போகப்போவது நான் இல்லை, அத்தை.

அவருக்கு முதலில் தயக்கம். “எனக்கு அங்க என்ன தெரியும்?” இரண்டாவது வாரத்திலேயே லாவ்ஷியோடு சிநேகமாகிவிட்டார். கம்பத்தில் வளர்ந்த காலத்தில் கேட்ட ஹொக்கியன் சொற்கள் இரண்டு மூன்று இன்னும் நினைவிருக்கிறதாம், அதை வைத்துச் சமாளிக்கிறார். வகுப்பில் பார்த்ததை வீட்டில் தமிழில் செய்கிறார். ஜவ்வரிசிக்குப் பதில் கேழ்வரகு மாவு. குட்டி மேளத்துக்குப் பதில் மைலோ டின். லாவ்ஷி ஊதும் குமிழி எங்கள் குளியலறையில் “முட்டை முட்டையா பறக்குது பாரு!” ஆகிவிட்டது.

குட்டி இன்னும் எந்த மொழியிலும் எதுவும் சொல்லவில்லை. “அம்புலி எங்க?” என்று பாட்டி கேட்டால் மட்டும் சன்னல் பக்கம் திரும்புகிறான். எதிர் புளோக்கின் விளக்கைத்தான் நிலா என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது என் சந்தேகம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கைக்குழந்தையோடு விளையாடும்போது சொல்லும் சொற்கள், விரல் விளையாட்டுகள், குளிப்பாட்டும்போது சொல்லும் கொஞ்சல்கள் எதுவானாலும் எழுதி அனுப்புங்கள். யாரிடம் கேட்டீர்கள், அவர் எந்த ஊரில் கற்றார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாலு வரியானாலும் சரி. புதிதாகப் பெற்றோரான வாசகர்களுக்கு உதவும்படி அவற்றில் சிலவற்றை வரும் வாரங்களில் இதே பக்கத்தில் பகிர்ந்துகொள்கிறேன்.